பைக்குள் இருந்த பெயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வணிகவியல் துறைப் பேராசிரியர்களே, மலையடிவார அறக்கட்டளையின் தலைவர் பெரியவர் பொன்னுத்துரை அய்யா அவர்களே, அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் மகள் ஏஞ்சலின் அவர்களே, கடைகளைப் பூட்டிவிட்டுக் கடைசி வரிசையில் வந்து நின்றுகொண்டிருக்கும் என் பஸ் நிலைய எதிர்வரிசைத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த ஜமால் முகமதுவின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். முனைவர் அமலராணி அவர்களின் கட்டுரைகளைச் சொன்னார்கள். அவர் கலந்துகொண்ட கருத்தரங்குகளைச் சொன்னார்கள். நான் பூட்டு விற்கிறவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு பேராசிரியரின் இரங்கல் கூட்டத்தில் பூட்டுக்கடைக்காரனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் பதின்மூன்று வருடம் வியாழக்கிழமைதோறும் பிற்பகலில் என் கடை ஸ்டூலில் அந்த அம்மையார் உட்கார்ந்திருந்தார். இந்த அரங்கத்தில் அவர் உட்கார்ந்த நேரத்தைவிட அது அதிகம். அந்த உரிமையில் பேசுகிறேன்.

அவர் என்ன ஆராய்ச்சி செய்தார்? ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் கடைத்தெருவில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1994-ல் முதல் தடவை கையில் அட்டையும் காகிதமுமாக வந்து, "பாய், உங்க கடைக்கு வெளியூர்க்காரங்க எத்தனை பேர் வருவாங்க, உள்ளூர்க்காரங்க எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார். வருமானவரி ஆபீஸ் ஆளோ என்று பயந்து, "யாரும் வாரதில்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்ட முதல் பொய் என்னுடையது.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தார். கல்லூரியில் அன்று மத்தியானம் அவருக்கு வகுப்பில்லை. பழனி பஸ்ஸும் கொடைக்கானல் பஸ்ஸும் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரில்தான் எங்கள் வரிசை. பதினாலு கடை. பூட்டுக்கடை, ஃபேன்ஸி ஸ்டோர், பொரிகடலைக் கடை, பிளாஸ்டிக் சாமான் கடை என்று கலந்து கிடக்கும். இறங்குகிறவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பார். பையைப் பார்ப்பார். பையைத் தூக்குகிற கையைப் பார்ப்பார். போகும்போது இடது கையில் இருந்த பை திரும்பும்போது ஏன் வலது கைக்கு மாறியது என்று என்னைக் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் கேட்டார், "பாய், கொடைக்கானலுக்கு மேல போறவங்க உங்ககிட்ட ஏன் பூட்டு வாங்குறாங்க? திரும்பி வரும்போதுதானே வாங்கணும், சுமை இல்லாம?" நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "திண்டுக்கல் பூட்டுன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கும்மா. பாத்ததும் வாங்கிருவாங்க" என்றேன். அவர் அதை நம்பவில்லை. மேலே போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களில் பூட்டு வாங்கிய ஐம்பது பேரிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டார். அவர்களில் முப்பத்தொரு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. இனித் திரும்பிப் போக முடியாது. எதிரில் பூட்டுக்கடை இருந்தது. ஒரு பூட்டு வாங்கிப் பெட்டிக்குப் போட்டுக்கொண்டால் மனசு அடங்குகிறது.

"அப்ப என் வியாபாரம் தரத்துல ஓடல, பயத்துல ஓடுதுன்னு சொல்றீக" என்று கேட்டேன்.

"தரமும் இருக்கு பாய். முப்பத்தொண்ணு போக மீதி பத்தொம்பது பேர் இருக்காங்கல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கும் அந்த நோய் தொற்றியது. கடைக்கு வருகிறவன் என்ன கேட்கிறான் என்று மட்டும் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த நான், ஏன் கேட்கிறான் என்று யோசிக்கத் தொடங்கினேன். இருபது வருடம் வியாபாரம் செய்தும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன்.

கூட்டம் வராத நேரங்களில் அவர் தன் துறையைப் பற்றிச் சொல்வார். முன்னெல்லாம் சுற்றுலாவை ஆராய்கிறவர்கள், எந்த மலை பார்த்தாய், எந்தக் கடல் பார்த்தாய் என்றுதான் கேட்பார்களாம். கடைக்குப் போவதைப் பொழுதுபோகாதவன் வேலை என்று ஒதுக்கிவிடுவார்களாம். பிறகு எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கும் பிறகுதான், சொந்த ஊரில் சும்மா இருக்கிற மனுஷன் வெளியூர் போனதும் ஏன் வாங்குகிறான், போய்வந்ததற்குச் சாட்சியாகவா, கொடுப்பதற்காகவா, பேரம் பேசுகிற சுகத்துக்காகவா என்று மனசுக்குள் போனார்களாம். "ஆனா எல்லாக் கட்டுரையும் விமான நிலையத்துலயும் பெரிய கடைகள்லயும் எழுதுனது பாய். பழனி பஸ்ல இருந்து இறங்குற ஆளை ஒருத்தரும் கேட்கல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்கும். தன்னுடைய ஆள்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டதைப் போன்ற கோபம்.

அந்தக் கோபத்தில்தான் தன் முனைவர் பட்டத்துக்குப் பழனி யாத்ரீகர்களை எடுத்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சியில்தான் தவறும் செய்தார். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் தவறைப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். அவர் இருந்தால் முதலில் அதைத்தான் பேசச் சொல்வார்.

அவர் அச்சடித்துக்கொண்டு வந்த தாளில் முதல் கேள்வி இது: இந்தப் பயணத்தில் தாங்கள் வாங்கிய பொருட்கள் யாவை? வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்துத் தமிழாக்கிய கேள்வி. பழனியிலிருந்து திரும்பி வந்து இறங்கிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டார். ஐந்நூற்று நாற்பத்தேழு பேர் "ஒண்ணும் வாங்கல" என்றார்கள். அவர் அதை அப்படியே எழுதினார். யாத்ரீகர்கள் பொருள் வாங்குவதில்லை என்று முடிவு கட்டினார். 1997 கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதன் சுருக்கம் கல்லூரி இதழில் வந்தது. பத்திரிகையிலும் நாலு வரி வந்தது.

அந்த நாலு வரி எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் பதினாலு கடையும் இருந்த இடம் மலையடிவார அறக்கட்டளைக்குச் சொந்தம். கடைகளை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டலாமா என்று அவர்கள் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்துரை அய்யா என்னைக் கூப்பிட்டு, பத்திரிகையை மேஜைமேல் போட்டார். "காலேஜ் மேடமே எழுதியிருக்காக. வாரவன் ஒண்ணும் வாங்குறதில்லையாம். படுத்து எந்திரிச்சுப் போக இடந்தான் வேணும் அவனுக்கு. அடுத்த மாசம் பன்னெண்டாந் தேதி கமிட்டி கூடுது. கடையைக் காலி பண்ண ஏற்பாடு பண்ணிக்கங்க" என்றார். அய்யா முன்னால் இருக்கிறார், அவர் மறுக்க மாட்டார். தலையாட்டுகிறார் பாருங்கள்.

பதினாலு குடும்பம். எங்கே போவது? வியாழக்கிழமை மத்தியானம் மேடம் வழக்கம்போல வந்து ஸ்டூலை இழுத்தபோது நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "நாலு வருஷம் எங்க நிழல்ல உக்காந்து எங்களுக்கே குழி வெட்டிட்டீகளேம்மா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "பாய், ஆனா அவங்க அப்படித்தானே சொன்னாங்க. அறுநூறு பேரை நானே கேட்டேன்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

அப்போதுதான் அந்த ஒயர் கூடை அறுந்தது.

மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கும் சுந்தரம்மாள் அவர்களே, நீங்கள்தான் அந்தக் கூடைக்குச் சொந்தக்காரர் என்று இந்தச் சபைக்குச் சொல்கிறேன். ஆத்தூரில் கத்திரியும் மல்லிகையும் போடுகிற குடும்பம். பழனியிலிருந்து வந்து இறங்கி, ஆத்தூர் பஸ்ஸுக்கு நடந்தபோது என் கடை வாசலில் கூடையின் பிடி அறுந்து சாமானெல்லாம் சிதறின. பஞ்சாமிர்த டப்பா ஆறு. திருநீற்றுப் பொட்டலம் ஒரு கட்டு. முருகன் படம் நாலு. ஒரு பிளாஸ்டிக் பஸ். இரண்டு விசில். மேடம் குனிந்து பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே கேட்டார். அந்த நிலையிலும் கேட்டார்.

"அம்மா, பழனியில என்ன வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கல தாயி. சாமியப் பாத்தோம், வந்தோம்."

மேடம் கையில் இரண்டு பஞ்சாமிர்த டப்பா இருந்தது. "அப்ப இது?"

"அது பிரசாதம்ல. அதைப் போயி வாங்குனதுனு யாராச்சும் சொல்லுவாகளா? வாங்குறதுன்னா குடம், சேலைன்னு நம்ம வீட்டுக்கு வாங்குறது."

"இந்தப் பிளாஸ்டிக் பஸ்?"

"அது எதுத்த வீட்டுப் பயலுக்கு. நாலு நாளும் அவுகதான் எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுனாக. வெறுங்கையோட போயி அவுக மொகத்துல முழிக்க முடியுமா?" என்று சொன்ன சுந்தரம்மாள் அதோடு விடவில்லை. மேடம் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்க வேளாங்கண்ணிக்குப் போயிட்டு எண்ணெயும் மெழுகுதிரியும் கொண்டாருவீகல்ல, அதை வாங்குனேன்னா சொல்லுவீக?" என்று திருப்பிக் கேட்டார்.

மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போய்வருகிறவர் அவர். வந்ததும் யாராவது என்ன வாங்கினாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் அவரும் சொல்வாராம். தன் வாயால் அத்தனை வருஷம் சொன்ன பதிலை அடுத்தவர் சொன்னபோது அவருக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஐந்நூற்று நாற்பத்தேழு பேர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார்கள். கேள்விதான் ஊர் தெரியாமல் வந்து நின்றிருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் கல்லூரி விட்டதும் தினமும் வந்தார். வாங்குவது என்ற பேச்சையே எடுக்கவில்லை. "உங்க பையில யார் யாருக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். சபையோரே, அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் தெரியுமா? தலைவலி என்று சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். மூத்த மருமகளுக்கு, வாத்தியாருக்கு, கடன் வாங்கிச் சண்டை போட்ட பங்காளிக்கு, பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சிக்கு என்று பெயர் பெயராகச் சொன்னார்கள். ஐம்பது பேரில் நாற்பத்தெட்டுப் பேர் பையிலிருந்து பெயர்கள் வந்தன.

இதில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறவர்களில் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முகம் மாறும். யாரோ ஒருவரை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் ஞாபகம் வரும். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் திரும்பிப் போக முடியாது. திண்டுக்கல்லில் பஸ் மாறி ஏறினால் அடுத்தது வீடு. உடனே எழுந்து எதிரில் இருக்கிற கடைக்கு நடப்பார்கள். எங்கள் கடைவரிசை எப்படிப் பிழைக்கிறது என்று எங்களுக்கே தெரியாத ரகசியம் அதுதான். மறந்துபோன கடைசிப் பெயருக்காக வாங்குகிறார்கள். மேடம் அதற்குக் 'கடைசிப் பெயர்' என்றே பேர் வைத்தார்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? கமிட்டி பன்னிரண்டாம் தேதி. அவருடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு இருபத்தாறாம் தேதி. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் வரும். பட்டம் வந்தால் அடுத்த வருடம் துறைத்தலைவர் பதவி. வாயைத் திறந்தால் இரண்டும் போகும். இதை அவரே என்னிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்று சொல்கிறேன். எனக்குக் கடை வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க வாய் வரவில்லை. "பட்டத்தை வாங்கிருங்க. அப்புறமா தப்புன்னு சொல்லிக்கலாம். அதுவரைக்கும் கமிட்டிய நாங்க இழுத்துப் பாக்குறோம்" என்றேன். பெரிய மனசுக்காரன் மாதிரி சொல்லிவிட்டு, அவர் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "பாய், ஐந்நூத்து நாப்பத்தேழு பேர் மனசுல இல்லாததை நான் எழுதி வச்சிருக்கேன். அது எம்பேர்ல ஒரு நாள் கூடுதலா இருக்கிறதும் எனக்குப் பிடிக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு, ஆய்வேட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் போட்டார்.

பன்னிரண்டாம் தேதி கமிட்டியில் நானும் இருந்தேன். அவர் எழுந்து நின்றார். கையில் காகிதம் இல்லை.

"அந்தக் கட்டுரைய நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்" என்றார்.

பொன்னுத்துரை அய்யா விடுகிற ஆளா? "ஏம்மா, அச்சுல வந்தது தப்புன்னா இப்ப வாயில வாரது சரின்னு நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது, இன்று சொல்கிறேன், நியாயமான கேள்வி.

"நம்ப வேண்டாங்கய்யா. புத்தகத்தையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். வியாழக்கிழமை மத்தியானம் ஜமால் பாய் கடைக்கு வந்து செத்த நேரம் உக்காருங்க. நீங்களே கேளுங்க."

அய்யா வந்தார். வெள்ளை வேட்டியோடு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடம் நின்றுகொண்டார். பழனி பஸ்ஸிலிருந்து அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் இறங்கி, எங்கள் நிழலில் ஒதுங்கினார். அய்யா பழைய கேள்வியையே முதலில் கேட்டார். "ஒண்ணும் வாங்கலண்ணே" என்றார் அவர். அய்யா மேடத்தைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு புதுக் கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பது பேர் பெயரைச் சொன்னார். பத்தாவது பெயருக்கு நிறுத்தினார். "அடடா, மச்சினன் மகளை விட்டுட்டேன். பெரிய மனுசி ஆகி முத முதல்ல வீட்டுக்கு வருது" என்று சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளி இருந்த ஆனந்தமேரியின் ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடினார். அய்யா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அடுத்த ஆளைத் தானாகவே கேட்டார். அன்று சாயந்தரம் வரை பதினேழு பேரைக் கேட்டார். வீட்டுக்குப் போகும்போது அவரும் ஆனந்தமேரி கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு போனார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

லாட்ஜ் வந்தது. மாடியில் வந்தது. கீழே கடைகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு பேர் தாங்களாகவே காலி செய்து போனார்கள், பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.

ஆனால் மேடத்துக்கு என்ன நடந்தது? துறைத்தலைவர் பதவி அவரிடம் படித்த ஒருவருக்குப் போனது. பட்டத்துக்கு முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை எங்கள் எல்லோர் கையிலும் ஒவ்வொரு நோட்டுக் கொடுத்தார். நாலு கட்டம் போட்ட நோட்டு. எந்த ஊர், எங்கே போய் வருகிறார், என்ன பொருள், யாருக்கு. எழுதத் தெரியாத ஆனந்தமேரிக்கு எழுதக் கற்றுக்கொடுத்து நோட்டும் கொடுத்தார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். கேட்காமல் எதையும் நிரப்பக் கூடாது. தெரிந்த முகமாக இருந்தாலும், பார்த்தாலே புரிகிற மாதிரி இருந்தாலும், கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்கத் தவறினால் 'கேட்கவில்லை' என்று எழுத வேண்டும். ஒரு தடவை, உண்டியலுக்குச் சின்னப் பூட்டு வாங்கியவருக்குப் 'பேத்திக்கு' என்று நானாக எழுதிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

2004-ல் பட்டம் வந்தது. ஆறு வருடம் தாமதம். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. இன்று நாடெங்கும் இதே துறையில் படிக்கிறவர்கள், பரிசுப்பொருள், உறவு, கடமை என்றெல்லாம் எழுதுகிறார்களாம். இங்கே பேசிய பேராசிரியர் சொன்னார். எங்களுக்கு அது 1998-லேயே சுந்தரம்மாளின் கூடையிலிருந்து விழுந்துவிட்டது. அதைக் குனிந்து பொறுக்க ஒருவர் இருந்தார். அவர் இன்று இல்லை.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். பேச்சுவாக்கில் ஒரு நாள் அவரிடம், "ஊரெல்லாம் எங்க கடையில வாங்கிட்டுப் போயி யாருக்கோ குடுக்குறான். பஸ் ஸ்டாண்டு கடைக்காரனுக்கு எவனும் எந்த ஊர்ல இருந்தும் ஒண்ணும் கொண்டாந்ததில்ல மேடம்" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். நான் மறந்துவிட்டேன்.

இந்தச் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போனார். திரும்பி வந்து காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் இறங்கியிருக்கிறார். என் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். வீட்டுக்குப் போனவர் மத்தியானம் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஏழாம் நாள் மகள் ஏஞ்சலின் ஒரு பையோடு கடைக்கு வந்தார். "அம்மா பையை நான் பிரிக்கல அங்கிள். நீங்கதான் பிரிக்கணும்" என்றார். ஆயிரக்கணக்கான பைகளைத் திறக்கச் சொன்னவரின் பையை யாருமே அதுவரை கேட்டதில்லை.

திறந்தேன். ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டுச் சீட்டு. அவர் கையெழுத்து. சுந்தரம்மாளுக்கு மூட்டுவலிக்கு வேளாங்கண்ணி எண்ணெய். கல்லூரிக் காவலாளி சடையாண்டிக்கு ஒரு சங்கு. பொன்னுத்துரை அய்யாவுக்குச் சிப்பி ஒட்டிய பேனாப் பெட்டி. பதினொரு சீட்டு. பத்தாவது சீட்டில் 'ஜமால் பாய்' என்று இருந்தது. உள்ளே நாகூர் அல்வா. வேளாங்கண்ணியிலிருந்து நாகூருக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அந்த அல்வாவை நான் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட முடியவில்லை.

பையின் ஓரத்தில் சீட்டில்லாமல் ஒரு பொருள் செருகியிருந்தது. உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி. மேலே சுற்றியிருந்த கவர், விடிந்ததும் திறந்துவிடுகிற எங்கள் ஆனந்தமேரி கடைக் கவர். ஊர் வந்து இறங்கிய பிறகு வாங்கியிருக்கிறார். யாரையோ விட்டுவிட்டோம் என்று அவருக்கும் திண்டுக்கல்லில்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

ஆனந்தமேரியிடம் போய்க் கேட்டேன். அவள் நோட்டில் எழுதாமல் விட்டிருந்த வரியைக் காட்டிவிட்டு அழுதாள். "கேக்கணும்னு வாயெடுத்தேன் பாய். அதுக்குள்ள டவுன் பஸ் வந்துருச்சு. 'அப்புறம் சொல்றேன் மேரி'ன்னுட்டு ஓடுனாக" என்றாள்.

யாருக்கு அந்தக் கண்ணாடி? ஏஞ்சலினுக்கா? தன்னிடம் மூன்று கண்ணாடி இருப்பது அம்மாவுக்குத் தெரியும் என்கிறார் ஏஞ்சலின். அவருக்கே அவர் வாங்கிக்கொண்டாரா? பதினொரு பேருக்கு வாங்கியவர் தன்னை விட்டுவிட்டதை நினைத்து, ஒரு கண்ணாடியாவது வாங்கிக்கொண்டிருக்கட்டும் என்று என் மனசு ஆசைப்படுகிறது. ஆனால் என் ஆசை பதிலாகுமா? இந்த அரங்கத்தில் இருக்கும் யாரிடமாவது கண்ணாடி வாங்கி வருவதாக அவர் சொல்லியிருந்தால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள். அதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

எங்கள் பன்னிரண்டு கடையின் சார்பில் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். நோட்டுகள் நிற்காது. வியாழக்கிழமை மத்தியானம் கல்லூரிப் பிள்ளைகள் வரட்டும், ஸ்டூல் காத்திருக்கும். எங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிற இடத்திலும் கேட்போம். பஸ் வந்துவிட்டாலும் கூடவே நாலடி ஓடியாவது கேட்போம்.

ஆனந்தமேரியின் நோட்டில் அந்த வரியை நேற்று நான்தான் எழுதினேன். ஊர், திண்டுக்கல். போய் வந்தது, வேளாங்கண்ணி. பொருள், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. யாருக்கு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினேன்.

கேட்கவில்லை.